மாடு மேய்க்கத்தான் லாயக்கா?

"நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு." பள்ளிக்கூடத்தில் இந்த வசவை வாங்காதவர்கள் நம்மில் குறைவு.

இங்கிலாந்தின் பல இயற்கைக் காப்பகங்களில் மாடுகளை வேண்டுமென்றே மேய விடுகிறார்கள். புதர் மண்டாமல் இருந்தால்தான் புல்வெளிப் பூக்களும் பூச்சிகளும் பிழைக்கும். அந்த மாடுகளைத் தினமும் பார்த்துவரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். தலை எண்ண வேண்டும். ஏதாவது நொண்டுகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வேலி சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்குப் பயிற்சியும் உண்டு. அங்கே இதன் பெயர் இயற்கைப் பாதுகாப்பு. அவர்களுக்கு அது சேவை, நம் மேய்ப்பர்களுக்கு வயிற்றுப்பாடு.

ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982-இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராம மக்கள்மீது போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. எருமைகள் வராததால் புல் மண்டி நீர்நிலையை அடைத்தது, பறவைகளுக்கும் அதுவே கேடானது என்று பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு சொன்னது. தடைக்கு முன் மேய்த்தவர்களிடம் யார் கேட்டார்கள்?

2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது. ஆனாலும் நிலமில்லாதவர் மாட்டோடு காட்டோரம் போனால் அத்துமீறல் என்கிறார்கள். மாட்டோடு வாழ்பவரின் அனுபவத்தை அறிவென்று ஒப்புக்கொள்ள மறுப்பதும் சாதிதான்.

தோழர்களே, அடுத்த சுற்றுச்சூழல் கூட்டத்தில் மேய்ப்பவருக்கும் மேடையில் ஒரு நாற்காலி கேளுங்கள். பார்வையாளராக இல்லை, பேச்சாளராக.