இருட்டில் பார்க்கலாம், சுடக் கூடாது!

டி.வி. ரிமோட்டை செல்போனின் முன்பக்க கேமராவுக்கு நேராகப் பிடித்து அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி திரையில் மின்னும். இரவு வேட்டைக்கு விற்கும் இன்ஃப்ராரெட் விளக்கும் இதே சங்கதிதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதைத் துப்பாக்கியில் மாட்டி, கொயோட்டி என்ற ஓநாய் இன விலங்கைச் சுடுகிறார்கள். அங்கே சட்டம் அனுமதிக்கிறது.

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் என்னுடன் வேலை பார்க்கும் நண்பர், "நம்ம ஊர் நரிக்கு இது சரிப்படுமா?" என்றார். சரிப்படும், ஜெயிலும் கிடைக்கும்! வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் குள்ளநரியை முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. விளக்கை விற்பவர்கள் இதை ஒரு வரி போடவேண்டாமா?

ஆசை இருந்தால் டிரெயில் கேமரா வாங்கி உங்கள் தோட்டத்து மரத்தில் கட்டுங்கள். 850 நானோமீட்டர் எல்.இ.டி. லேசாகச் சிவந்து தெரியும், 940 தெரியாது. படம் கொஞ்சம் மங்கினாலும் 940-தான் என் ஓட்டு.