காத்து போனா போகட்டுமா?

மச்சான் (வீட்டம்மாவோட தம்பி) போன வருஷம் ஒரு பழைய ஜீப் வாங்கினான். ஃபோர் வீல் டிரைவ், நாலு சக்கரத்துலயும் குட்டி யானை சைஸ் டயர். எதுக்குடா இதுன்னு கேட்டா, "ஆஃப்ரோடு போறதுக்கு மாமா" என்கிறான். திருமுல்லைவாயல்ல இருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஐப்பசி மாசத்துல போய் வர்றதே ஆஃப்ரோடுதானே, அதுக்கு எதுக்குத் தனி வண்டின்னு வாய் வரைக்கும் வந்தது. வீட்டம்மா பக்கத்துல இருந்ததால முழுங்கிட்டேன்.

அந்த மச்சான்தான் ரெண்டு வாரம் முன்னாடி ஒரு வீடியோவைக் காட்டினான். டயருக்கும் நடு வட்டுக்கும் இடையில காத்தே இல்லை. தேன்கூடு மாதிரி ரப்பர் பட்டைகள் மட்டும். ஆணி மேல ஏத்துறாங்க, கூரான பாறை மேல விடுறாங்க, வண்டி பாட்டுக்குப் போகுது. "மாமா, இதைப் போட்டுட்டா ஜென்மத்துக்கும் பஞ்சர் இல்லை. ஸ்டெப்னி வேண்டாம், ஜாக்கி வேண்டாம்." சொல்லும்போதே அவன் கண்ணு மின்னுது.

எனக்கும் சபலம்தான். என் பைக் அந்த மாசம் மட்டும் மூணு பஞ்சர். எஸ்டேட் ரோட்டுல லேத்து பட்டறைக்காரங்க கொட்டுற இரும்புச் சுருள் பொடியை எல்லாம் என் பின் டயர்தான் பெருக்கி எடுக்குது. ஆபீஸ்ல புடுங்குற ஆணி போதாதுன்னு இது வேற.

சரி, என்னதான் விஷயம்னு உக்காந்து படிச்சேன், நாலு பேரைக் கேட்டேன். கடைசியில வந்து நின்ன இடம் நான் நினைச்ச இடம் இல்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அம்பத்தூர்க்காரங்களுக்கு டயர் ஒண்ணும் புதுசு இல்லை. டன்லப் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. எங்க பெரியப்பா காலத்துல அங்க வேலைன்னா பொண்ணு குடுக்க வரிசையில நிப்பாங்களாம். அந்தக் கம்பெனி தாங்கி நின்ன பேர் ஜான் பாய்ட் டன்லப்போடது. பெல்ஃபாஸ்ட்டுல இருந்த கால்நடை டாக்டர். 1888ல தன் பையனோட மூணு சக்கர சைக்கிள் கல்லுத் தெருவுல தடதடன்னு குலுங்குதேன்னு, ரப்பர் குழாயில காத்தடைச்சு சக்கரத்துல சுத்தினார். (அவருக்கு 43 வருஷம் முன்னாடியே, 1845ல, ராபர்ட் தாம்சன்னு ஒருத்தர் இதுக்குக் காப்புரிமை வாங்கி வச்சிருந்தது தனிக் கதை.) அதுவரைக்கும் உலகம் முழுக்க ஓடினது காத்தில்லாத சக்கரம்தான். நம்ம ஊர் கட்டை வண்டிக்கு இரும்புப் பட்டை அடிச்ச சக்கரம், பஞ்சரே ஆகாது. ஆனா டயர் வண்டி வந்ததும் அதை ஏன் விட்டாங்க? அதே மாடு அதிக பாரத்தை இழுத்தது, வண்டிக்காரர் முதுகும் பிழைச்சது. காத்தில்லாத சக்கரத்துல இருந்து தப்பிச்சு வந்தவங்கதான் நாம. இப்ப திரும்பிப் போகணும்னா நல்ல காரணம் வேணும் இல்லையா?

இந்தக் கேள்வியோட எங்க ஏரியா பஞ்சர் கடை சேட்டன்கிட்ட போனேன். பாலக்காட்டுக்காரர், இருபது வருஷமா இங்கேயே கடை. (ஆமா, பஞ்சர் கடைக்காரர்கிட்ட போய் பஞ்சர் ஆகாத டயரைப் பத்திக் கேக்குறது, சலூன்ல போய் வழுக்கைக்கு யோசனை கேக்குற மாதிரிதான்.) அவர் சிரிச்சுட்டு, மச்சானோட ஜீப்பையே கடை வாசல்ல நிறுத்தச் சொல்லி ஒரு டயர்ல இருந்து காத்தைப் புஸ்ஸுன்னு பாதி இறக்கினார். "இப்ப அடியில பாருங்க சார்" என்றார். டயர் சப்பையாகித் தரையில அகலமா படிஞ்சு உக்காந்திருக்கு.

அவர் காட்டினதை வீட்டுக்கு வந்து பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். ஜீப் 1600 கிலோன்னு வைங்க, ஒரு சக்கரத்துக்கு 400 கிலோ. காத்து 30 பி.எஸ்.ஐ. இருந்தா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.1 கிலோ அழுத்தம். அப்ப டயர் தரையைத் தொடுற இடம் சுமார் 190 சதுர சென்டிமீட்டர். விரிச்ச கையளவை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். காத்தை 15க்கு இறக்கினா அதே இடம் சுமார் 380 ஆகும். (டயர் சுவரோட விறைப்பைக் கணக்குல சேர்க்கலை. ரப்பர் படிச்சவங்க சண்டைக்கு வராதீங்க.) பாரம் அதே, பரப்பு ரெண்டு மடங்கு. அதனாலதான் மணல்ல இறங்குறவங்க முதல் வேலையா காத்தைக் குறைக்கிறாங்க. திரும்ப தார் ரோட்டுக்கு வந்ததும் அடிச்சுக்கிறாங்க. ஒரே டயர், காலையில மணல் டயர், சாயங்காலம் ரோட்டு டயர். ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காக்காரன் ஓட்டின டக் என்கிற நீரிலும் நிலத்திலும் போற லாரியில, டிரைவர் சீட்ல இருந்தே காத்தை ஏத்தி இறக்குற வசதி வச்சிருந்தான்னா பாத்துக்கோங்க.

காத்தில்லாத டயர்ல இந்த வித்தை நடக்காது. தொழிற்சாலையில எவ்வளவு விறைப்பு வச்சு அனுப்பினாங்களோ அவ்வளவுதான், கடைசி வரைக்கும். பாறைக்கும் அதே, மணலுக்கும் அதே, ஏரிக் களிமண்ணுக்கும் அதே. களிமண்ணுன்னதும் இன்னொண்ணு. அந்தத் தேன்கூட்டு ஓட்டைகள் பக்கவாட்டுல திறந்துதான் இருக்கு. நம்ம ஏரிச் சேறு அதுக்குள்ள போய் அப்பி, மறுநாள் வெயில்ல காய்ஞ்சு செங்கல்லா நின்னா, ஒரு பக்கம் கனம் கூடி சக்கரம் கோணலா ஆட ஆரம்பிக்கும். பஞ்சர் பார்க்கிற நேரத்துல குச்சி வச்சு மண்ணு நோண்டிக்கிட்டு இருக்கணும்.

அப்ப ராணுவம்? மச்சான் விடலை. "ஆவடியில செய்யுற டாங்கியில காத்தா அடிக்கிறாங்க?" நியாயமான கேள்விதான். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில இருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிய வந்தது 1965ல. அர்ஜுனை வடிவமைச்ச சி.வி.ஆர்.டி.இ.யும் ஆவடிதான். டாங்கியோட சக்கரங்கள்ல இருக்கிறது கெட்டி ரப்பர் பட்டை, காத்து கிடையாது. ஆனா அந்தச் சக்கரம் ஓடுறது ரோட்டு மேல இல்லை, தன் சங்கிலித் தடத்து மேல. ரோட்டைத் தானே விரிச்சுத் தானே சுருட்டிக்கிற வண்டி அது. 58 டன் கனம் இருந்தும், அர்ஜுன் தரையில குடுக்கிற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.85 கிலோ அளவுலதான். மேல சொன்ன ஜீப் கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க, மச்சான் ஜீப்தான் பூமியை அதிகமா குத்துது!

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த விஷயம். குலுக்கலைத் தாங்குறதுக்கு அர்ஜுன்ல ஹைட்ரோ நியூமேட்டிக் சஸ்பென்ஷன். எண்ணெயும் அடைச்ச வாயுவும் சேர்ந்து ஸ்பிரிங்கா வேலை செய்யுது. சக்கரத்துல இருந்து காத்தை எடுத்தவங்க, அதைக் கொண்டு போய் சஸ்பென்ஷன்ல வச்சிருக்காங்க. காத்து எங்கேயாவது இருந்தாகணும் போல.

நிலாவுலயும் இதே கதைதான். 1971ல அப்பல்லோ 15 கொண்டு போன வண்டியோட சக்கரம் துத்தநாகம் பூசின எஃகுக் கம்பி வலை. 2023 ஆகஸ்ட்ல நம்ம பிரக்யான் உருட்டினது உலோகச் சக்கரம். பஞ்சர் ஒட்ட ஆள் இல்லாத ஊர்ல வேற வழி இல்லை. ஆனா அப்பல்லோ வண்டியோட வேகம் மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டலை, பிரக்யான் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி 2012ல இறங்குச்சு, அடுத்த வருஷமே அதோட அலுமினியச் சக்கரத்துல கல்லு குத்தி ஓட்டை. காத்து இல்லைன்னா அடி வேற வழியில வரும்.

வேகம்தான் இதுல முக்கியம். ரப்பர் நசுங்கி நிமிரும்போது சூடாகும். ஃபோர்க்லிஃப்ட் கெட்டி டயர் 20, 25 கிலோமீட்டர் வேகத்துல சொன்ன பேச்சு கேக்கும். அதையே பூந்தமல்லி ஹைவேல 80ல ஓட்டினா உள்ளே இருக்கிற சூடு வெளிய வர வழி இல்லாம ரப்பரே வெந்துடும். பட்டை வச்ச டயர் இதுல பரவாயில்லை, ஆனா முழுசா தப்பிக்கலை. மிஷலின் கம்பெனி ட்வீல்னு பேர் வச்சு 2005லயே காட்டினாங்க. அப்புறம் கரடுமுரடு நிலத்துல ஓடுற சின்ன வண்டிகளுக்குன்னு அவங்க வித்த டயருக்கு வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர் சுமார்தான். போலாரிஸ்காரங்க 2013ல காத்தில்லாத டயரோட ஒரு நாலு சக்கர பைக்கை 15,000 டாலர் விலையில கொண்டு வந்தாங்க, ராணுவத்துக்காக யோசிச்ச தொழில்நுட்பம். உலகம் பூரா ஜீப்காரங்க அதுக்கு மாறிடலை. 2019ல காருக்குன்னு அப்டிஸ் வந்தது, 2024க்குள்ள கடைக்கு வரும்னு சொன்னாங்க. சிங்கப்பூர்ல கூரியர் வேன்கள்ல போட்டு ஓட்டிப் பார்த்தாங்க, ஆனா சொன்ன தேதிக்கு கடைக்கு வரலை. அதே மிஷலின் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல தேர்வாய் கண்டிகையில தொழிற்சாலை வச்சு என்ன செய்யுறாங்க? காத்தடைக்கிற லாரி, பஸ் டயர்!

ஆக, காத்தில்லா டயர் வெத்து வேட்டுன்னு முடிக்கப் போறேன்னு நினைச்சீங்கன்னா, இல்லை.

இங்கேதான் என் கூடப் படிச்ச நண்பன் வர்றான். அம்பத்தூர்ல ரெண்டு பாப்கேட் வச்சு வாடகைக்கு விடுறான். கட்டடம் இடிக்கிற இடம், பழைய இரும்புக் கிடங்கு, குப்பை அள்ளுற இடம் இதெல்லாம் அவன் மெஷின் போற இடம். கம்பித் துண்டும் கண்ணாடியும் மேல நின்ன இடத்துலயே திரும்புற மெஷின். அவனுக்கு ஒரு பஞ்சர்னா நூறு ரூபா விஷயம் இல்லை. மெஷின் நிக்கும், பின்னாடி லாரி நிக்கும், ஆளுங்க நிப்பாங்க, அன்னிக்கு வாடகை அம்பேல். மணல் இல்லை, ஹைவே இல்லை, நடக்குற வேகத்துக்குக் கொஞ்சம் மேல. காத்தில்லாத டயர் பிறந்ததே இவனுக்காகத்தான். மிஷலினும் ட்வீலை முதல்ல ஒழுங்கா வித்தது இந்த மாதிரி மெஷினுக்குத்தான், அதுக்காகவே 2014ல அமெரிக்காவுல தெற்கு கரோலினாவுல தனி ஆலை திறந்தாங்க. அவ்வளவு தூரம் போக முடியாதவங்களுக்கு, பக்கவாட்டுல ஓட்டை விட்ட கெட்டி டயர் இருக்கு. அந்த ஓட்டையாலதான் கொஞ்சமாவது மெத்துன்னு இருக்கும். தொழிற்சாலை வண்டிகளுக்கான கெட்டி டயர்ல உலகத்துலயே முன்னணியில இருக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம பக்கத்து இலங்கை.

இன்னொரு காரணமும் இருக்கு, வீடியோக்காரங்க யாரும் சொல்லாதது. பெரிய வண்டிகளோட பழைய மாடல் வீல்ல லாக் ரிங்னு ஒரு இரும்பு வளையம் டயரைப் பிடிச்சு நிக்கும். காத்தடிக்கும்போது அது சரியா உக்காரலைன்னா தெறிக்கும். எதிர்ல இருக்கிறவன் கதி அவ்வளவுதான். கூண்டுக்குள்ள வச்சு அடிக்கணும்னு விதி. எத்தனை ரோட்டோரக் கடையில கூண்டு பாத்திருக்கீங்க? டயரைப் பத்தி எவ்வளவோ பேசின சேட்டன், இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் ஊர்ல தன் கூடத் தொழில் கத்துக்கிட்ட ஒருத்தர் அப்படித்தான் போனார்னு மட்டும் சொன்னார். "பெரிய வண்டிக்கெல்லாம் காத்தில்லாத டயர் வந்தா நல்லதுதான் சார். எனக்குத் தொழில் போனாலும் பரவால்ல" என்றார்.

எனக்கு அப்பதான் உறைச்சது. ஆஃப்ரோடுன்னதும் நாம ஜீப்பையும் மலையையும் நினைச்சுக்கிறோம். ஞாயித்துக்கிழமை விளையாட்டுக்குப் போற வண்டிக்கு பஞ்சர் ஒரு கதை, திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லிக்கலாம். தினம் தினம் ரோடே இல்லாத இடத்துல ஓடுறது பாப்கேட்டும் குப்பை மெஷினும்தான். ஜீப்காரனுக்குக் காத்துதான் ஆயுதம், அதை ஏத்தத் தெரியணும் இறக்கத் தெரியணும். மெஷின்காரனுக்குக் காத்துதான் ஆபத்து. ஒரே டயரை ரெண்டு பேருக்கும் விக்கப் பாக்குறதுதான் தப்பு.

மச்சான்கிட்ட இவ்வளவும் சொன்னேன். பாதியிலயே போனை நோண்ட ஆரம்பிச்சுட்டான். ஆனா அடுத்த வாரம் வண்டியில ஒரு நல்ல பிரஷர் கேஜும், பேட்டரியில ஓடுற சின்ன கம்ப்ரஸரும் இருந்தது. கேட்டா, "நானே யோசிச்சு வாங்கினேன் மாமா" என்கிறான். இருந்துட்டுப் போகட்டும்.

நண்பன் ஒரு பாப்கேட்டுக்கு மட்டும் ஓட்டை வச்ச கெட்டி டயர் மாத்திப் பாத்திருக்கான். மாட்டினதுல இருந்து மெஷின் ஒரு நாள் கூட நிக்கலையாம். டிரைவர் தம்பி மட்டும் முதுகு வலிக்குதுன்னு சீட்டுக்கு ஒரு தலகாணி கேட்டிருக்காராம்.