சரக்குக் கணக்கு நம் கைக்கும் வரட்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

புகார்த் துறையில் குவிந்த பண்டங்களுக்குப் புலி முத்திரை இட்டுக் காத்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அன்று முத்திரை செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று கணிப்பொறி செய்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும், அதன் அருகே 2001-ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்திலும் (இன்று காமராசர் துறைமுகம்) இறங்கும் சரக்கு, எவ்வழியே, எத்தனை லாரிகளில், எந்நேரம் செல்ல வேண்டும் என்பது ஒரு கணக்கு.

இக்கணக்கு எளியதன்று. ஒரு லாரி 20 இடங்களுக்குச் செல்ல வேண்டுமானால், எதை முதலில், எதை அடுத்து என்று வரிசைப்படுத்தும் வழிகளின் எண்ணிக்கை 19 இலக்கங்கள் கொண்டது! லாரிகளைக் குறைந்த தூரத்தில் அனுப்பும் இச்சிக்கலை 1959-இல் டான்சிக், ராம்சர் என்னும் இருவர் கணித வடிவில் எழுதினர். இன்று அதற்கு மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் பல, நம்மைப் போன்ற அரசுக் கல்லூரிகள் விலை கொடுத்து வாங்க இயலாதவை. ஆனால் திறந்த மூல மென்பொருள்களும் இருக்கின்றன. ஜெர்மானிய விண்வெளி மையத்தின் 'சூமோ' 2001 முதல் வெளிவருகிறது. சாலையில் வண்டிகள் ஓடுவதையும், கன்டெய்னர் ஏற்றி இறக்குவதையும் அது திரையில் நடத்திக் காட்டும். கூகுளின் 'ஓ.ஆர். டூல்ஸ்' லாரிகளுக்கு வழி வகுத்துத் தரும்.

"இலவசமாய்க் கிடைப்பதற்கு என்ன மதிப்பு?" என்பர் சிலர். இதன் மதிப்பு இலவசத்தில் இல்லை, திறந்திருப்பதில் இருக்கிறது. லாரி ஓட்டுநர் வரிசையில் காத்திருக்கும் நேரம் கணக்கில் ஒரு எண். சாலையைக் கடக்க நிற்கும் பள்ளிப் பிள்ளையின் நேரமும் ஒரு எண். அவ்வெண்ணைச் சுழி என்று வைத்துவிட்டால், எந்தச் சாலையும் நல்ல சாலையாகத்தான் தெரியும்! மூடிய மென்பொருளில் அதை யார் கண்டுபிடிப்பது? திறந்த மென்பொருளில் நிரலையும், அதற்குக் கொடுத்த எண்களையும் வெளியிடச் சொல்லி, நாமே சரிபார்க்கலாம்.

இம்மென்பொருள்களுக்குப் புதிய பதிப்புகள் தொடர்ந்து வருகின்றன, பிழைகள் நீங்குகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் மென்பொருள் மட்டும் புதிதானால் போதுமா? சூமோ பயன்படுத்தக் கூடிய வரைபடம், 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்டிரீட் மேப்'. அதை வரைபவர்கள் தன்னார்வலர்கள். மீஞ்சூர்ப் பக்கம் எந்தத் தெருவில் மழைநீர் தேங்கும், பொன்னேரியில் எந்தத் திருப்பத்தில் டிரெய்லர் திரும்பாது என்பதை பெர்லினில் இருக்கும் பொறியாளர் எப்படி அறிவார்? அதை அறிந்தவர்கள் நாம். வரைபடத்தில் பிழை இருந்தால், எத்தனை புதிய பதிப்பு வந்தாலும் லாரி தவறான தெருவிலேதான் நுழையும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் பட்டம் பெற்றதும், இத்தொழிற்பகுதியில் பிறர் போட்ட கணக்கைத் தட்டச்சு செய்யும் வேலைதான் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். அக்கணக்கைப் போடும் வேலை நமக்கு ஏன் கிடைக்கக் கூடாது? நாம் படிக்கும் நேரியல் திட்டமிடல் பாடம் இதற்குத்தானே அடித்தளம்!

எனவே நம் கணிப்பொறிக் கூடத்தில் இம்மென்பொருள்களைக் கற்றுத்தர வேண்டும். மாணவர்கள் ஒரு சாலைச் சந்திப்பிலாவது ஒரு நாள் முழுதும் நின்று, லாரி, பேருந்து, மிதிவண்டி, நடந்து செல்வோர் அனைவரையும் எண்ண வேண்டும். வரைபடத்தில் நம் ஊர்த் தெருக்களைத் திருத்த வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஆசிரியர் துணையும் நம் உழைப்பும் போதும்.

மாணவ நண்பர்களே! துறைமுகம் நம் வாசலில் இருக்கிறது. அதன் லாரிகள் நம் தெரு வழியே போகின்றன. அதன் கணக்கில் நம் மக்களும் எண்ணப்பட வேண்டுமானால், எண்ணத் தெரிந்தவர்கள் நம்மிடையே உருவாக வேண்டும்.