தை அமாவாசைப் பயணத்தில் நாயும் வரலாமா?

கேள்வி: “தை அமாவாசைக்குக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய், அப்படியே தனுஷ்கோடியும் பார்த்து வர வேன் பேசியிருக்கிறோம். தோட்டக் காவலுக்கு இருக்கும் கன்னி நாயை விட்டுப் போக மனமில்லை. கூட்டிப் போகலாமா?”
- மேலூர் பகுதி வாசகர், மதுரை மாவட்டம்.

பதில்: அமாவாசையன்று வேண்டாம். கூட்டம் இல்லாத வேறொரு நாளில், கயிற்றோடு கூட்டிப் போகலாம்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, தரிசனம் முடிக்க அமாவாசைக் கூட்டத்தில் பல மணி நேரம் ஆகும். நாயைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது. கண்ணாடி ஏற்றிய வேனில் கட்டிப்போட்டால் உள்ளே சூடு மளமளவென ஏறும். மனிதரைப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சிறிது நேரத்திலேயே உயிர் போய்விடலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சோறும் தண்ணீரும் வைக்கச் சொல்லிவிட்டுப் போவதே நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் என்பதால் தனுஷ்கோடியை வெறும் மணல்வெளி என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழக் குழியில் நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போகின்றன. குஞ்சு வெளிவர ஏறத்தாழ 50 நாள் ஆகும். அதாவது தை அமாவாசைக்கு இட்ட முட்டை பங்குனி வாக்கில்தான் பொரியும். மோப்பம் பிடித்த ஒரு நாய் போதும், குழியே காலியாகிவிடும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பது இதனால்தான்.

காயல் பக்கம் இந்தப் பருவத்தில் பூநாரைகள் இரை தேடும். அவற்றுக்காக 2025-ல் அங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கன்னி, சிப்பிப்பாறை போன்றவை வேட்டைக்கு வளர்த்த இனங்கள். ஓடுவதைக் கண்டால் துரத்தும். ‘எங்கள் நாய் கடிக்காது’ என்பது போதாது. கிடைக்குள் அயல் நாய் புகுந்தால் ஆடுகள் படும் பாடு விவசாயிகளுக்குத் தெரியும். பறவைகளுக்கும் அதே கதிதான்.

வழியில் ராமநாதபுரம் பக்கம் வண்டியை நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். மாசி, பங்குனியில் அங்கே முண்டு மிளகாய் காயும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற வத்தல் அது. நம் களத்தில் காயும் நெல்லை அடுத்தவர் நாய் மிதித்தால் பொறுப்போமா?

வேறொரு நாளில் நாயோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

* வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டு, அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

* கரையில் எந்நேரமும் கயிறு கையில் இருக்கட்டும். இருட்டிய பிறகு ஆமைக் கரைப் பக்கம் நாயைக் கொண்டுபோகாதீர்கள்.

* குடிதண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கடல்நீர் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும். கடலில் இறங்கினால் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

* புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது.

* நாயின் கழிவை அள்ளிவிடுங்கள். கட்டுச்சோற்று மிச்சத்தைக் கரையில் கொட்டினால் தெருநாயும் காக்கையும் கூடும். ஆமை முட்டைக்கும் அவையே எமன். பிளாஸ்டிக் பை வேண்டாம், துணிப்பை போதும்.

* நாய் யாரையாவது கடித்துவிட்டால் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

காலையில் மணலில் டிராக்டர் டயர் போனதுபோல் தடம் தெரிந்தால் அது ஆமை ஏறி இறங்கிய தடம். தோண்டிப் பார்க்காமல், பிள்ளைகளையும் தோண்ட விடாமல், வனத்துறையினருக்குத் தகவல் சொல்லுங்கள்.