ஐ2சி: பலகைக்குள் இருக்கும்வரை பலம்

எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் டிவியின் திரை அளவைக் கணினி தெரிந்துகொள்வது ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாகத்தான். 1982இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறை இது. ஒரு கம்பியில் தரவு, மற்றொன்றில் கடிகாரத் துடிப்பு. இதன் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: எந்தச் சிப்பும் கம்பியின் மின்னழுத்தத்தைத் தானாக உயர்த்துவதில்லை, கீழே இழுக்க மட்டுமே முடியும். உயர்த்துவது புல்-அப் ரெசிஸ்டரின் வேலை. அதனால்தான் பல சிப்புகள் சண்டையின்றி ஒரே கம்பியைப் பகிர்கின்றன. ஒவ்வொரு பைட்டுக்கும் 'கிடைத்தது' என்று பதில் சொல்கின்றன. ஆனால் ரெசிஸ்டர் மெதுவாகத்தான் உயர்த்தும். கம்பி நீள நீள அதன் கொள்திறன் ஏறி, துடிப்பின் விளிம்பு சாய்ந்துவிடும். வழக்கமான வேகங்களுக்கு 400 பிக்கோஃபாரட் என்று விதியே வரம்பு கட்டியிருக்கிறது. இந்த வரம்பைச் சொல்லாமல், சென்சாரை நீண்ட ஒயரில் தொங்கவிடக் கற்றுத்தருவதுதான் தவறு.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது பஸ், அதாவது சிப்புகள் பகிரும் அந்தக் கம்பிப் பாதை, முடங்குவது. ஒரு சிப் பூஜ்யத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்போது கட்டுப்படுத்தி ரீசெட் ஆனால், அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்கும் அந்தச் சிப் தரவுக் கம்பியைக் கீழேயே பிடித்துக்கொள்ளும். மற்ற எல்லாமும் ஊமையாகிவிடும். ஒன்பது கடிகாரத் துடிப்புகள் கொடுத்தால் பெரும்பாலும் விடுபடும். அதைச் செய்யும் சில வரி நிரல் இல்லாத கருவி, யாராவது மின்சாரத்தை அணைத்துப் போடும்வரை கிடக்கும். ஐ2சியை ஒட்டி இன்டெல் 1995இல் கொண்டுவந்த எஸ்எம்பஸ் முறை காலக்கெடு வைத்தது. மூல ஐ2சியில் அது இல்லை. முகவரி மோதலும் உண்டு: டிஎஸ்3231 கடிகாரச் சிப்புக்கும் எம்பியு6050 அசைவு சென்சாருக்கும் இயல்பு முகவரி ஒன்றே. ஆனால் சென்சாரின் ஒரு காலை மாற்றிக் கட்டினால் அது தீர்ந்துவிடும்.

சிப்புகளை இணைக்கும் இன்னொரு முறையான எஸ்பிஐ வேகமானதாயிற்றே, அதற்கே மாறிவிடலாமே என்பார்கள். வழக்கமான இணைப்பில் பத்துச் சிப்புகளுக்கு அது 13 கம்பி கேட்கும். பெற்றுக்கொண்டதற்கான பதிலும் அதன் அடிப்படையில் கிடையாது. நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை படிக்க அந்த வேகம் எதற்கு? மேசையில் ஐ2சி நீண்ட ஒயரிலும் ஓடுகிறதே என்பது இன்னொரு வாதம். மோட்டாரும் ரிலேயும் பக்கத்தில் இயங்கும் இடத்தில் அந்த ஓட்டம் நிலைக்காது; அங்கே கேன், ஆர்எஸ்-485 போன்ற, இரட்டைக் கம்பிகளின் மின்னழுத்த வேறுபாட்டைப் படிக்கும் முறைகள்தான் சரி. கல்லூரி ஆய்வகங்களில் ஐ2சி சொல்லித்தருபவர்கள் ரெசிஸ்டர் கணக்கையும் முடக்கம் நீக்கும் நிரலையும் முதல் பாடத்திலேயே சேர்க்க வேண்டும்.