பள்ளிக்கு மிரட்டல் மெயில் வந்தா பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?



2024 பிப்ரவரி 8. சென்னையில் ஒரே நாளில் 13 பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில். பெற்றோர்கள் வேலையைப் போட்டது போட்டபடி பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். சோதனை முடிவில் புரளி. அதற்கு முன் 2023 டிசம்பர் 1-ல் பெங்களூருவில் 60-க்கும் மேற்பட்ட பள்ளிகள். பிறகு 2024 மே 1-ல் டெல்லி வட்டாரத்தில் 100-க்கும் மேற்பட்ட பள்ளிகள். எல்லாம் அதே கதைதான்.

"புரளிதானே, விடுங்க"ன்னு நம்மாள விட முடியுமா? புலி வருது கதை நமக்குத் தெரியும். பத்து தடவை பொய்யாப் போனதால பதினோராவது தடவை ஒரு பள்ளி அலட்சியமா இருந்துட்டா, விலை கொடுக்கப்போறது நம்ம பிள்ளைங்க.

முதல் கேள்வி: மிரட்டல் உண்மையா பொய்யான்னு யார் முடிவு பண்றது?

தலைமை ஆசிரியர் இல்லை. தாளாளரும் இல்லை. அது காவல்துறையோட வேலை. பள்ளியோட வேலை உடனே தகவல் சொல்றதும், மெயிலை அழிக்காம அப்படியே ஒப்படைக்கிறதும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து அனுப்பினா போதாது. மெயில் எந்த வழியா வந்ததுங்கிற விவரம் அதோட ஹெடர்லதான் இருக்கு, ஸ்கிரீன்ஷாட்ல அது வராது. சென்னைக்கு வந்த மெயில் ஸ்விட்சர்லாந்து நிறுவனமான ப்ரோட்டான் மெயில் வழியா வந்தது. அனுப்பினவனைப் பிடிக்க நாள் ஆகலாம். ஆனா பிள்ளைங்களை எந்த வழியா வெளியேத்தணும், எங்கே நிறுத்தணும்ங்கிறதுக்கு நாள் கணக்கு கிடையாது. அது முன்னாடியே எழுதி வச்சிருக்கணும்.

இரண்டாவது கேள்வி: பெத்தவங்களுக்கு என்ன சொல்றது?

"தவிர்க்க முடியாத காரணத்தால் உடனே வந்து குழந்தையை அழைத்துச் செல்லவும்." இது தகவல் இல்லை, பீதி. எல்லாரும் ஒரே நேரத்துல வண்டியோட வாசலை அடைச்சா, வெடிகுண்டு நிபுணர்கள் வண்டி எப்படி உள்ளே போகும்?

ஒரு நல்ல தகவல்ல நாலு விஷயம் இருக்கணும். என்ன நடந்தது, பிள்ளை இப்ப எங்கே இருக்கு, நீங்க என்ன செய்யணும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்ப ட்ராய் விதிப்படி வாசகத்தை முன்கூட்டியே டிஎல்டி தளத்தில் பதிவு பண்ணியிருக்கணும். ஃபீஸ் கட்டச் சொல்ற வாசகத்தைப் பதிவு பண்ணத் தெரிஞ்ச பள்ளிக்கு, அவசர வாசகத்தைப் பதிவு பண்ணத் தெரியாதா? வாட்ஸ்அப் மட்டும் நம்பினா சாதா போன் வச்சிருக்கிற கூலித் தொழிலாளியோட பிள்ளைக்கு யார் பொறுப்பு?

டெல்லி உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில், எட்டு வாரத்துக்குள் இதற்கான நடைமுறையை வகுக்கச் சொன்னது. நீதிமன்றம் சொல்ற வரைக்கும் நாம ஏன் காத்திருக்கணும்?

நம் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு பள்ளிக்கும் எழுத்தில் ஒரு அவசரகாலத் திட்டம். பெற்றோருக்கும் தெரிய வேண்டும்.
2. தமிழில் அவசர எஸ்எம்எஸ் வாசகம் முன்பதிவு. எஸ்எம்எஸ் படிக்க முடியாதவர்களுக்குக் குரல் அழைப்பு.
3. வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒத்திகை.
4. மிரட்டல் அனுப்பியது மாணவன் என்றால் வழக்கோடு சேர்த்து ஆலோசகரும். 2025 ஜனவரியில் டெல்லி போலீஸ் பிடித்தது ஒரு பிளஸ் டூ மாணவனைத்தான். தேர்வு பயம்தான் காரணம் என்றார்கள்.

இப்ப நமக்கு. மிரட்டல் செய்தி வந்த பத்தாவது நிமிஷம், பேர் தெரியாத மெயிலுக்கு மதம் கண்டுபிடிக்கிறவங்க எல்லா குரூப்லயும் இருக்காங்க. நம்ம குரூப்ல அது நடக்கக் கூடாது. காவல்துறை சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஃபார்வர்டும் வேண்டாம்.

அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவின் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர்கள்தான். கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த இடம் அது. தனியார் பள்ளின்னா பெற்றோர் ஆசிரியர் கூட்டம் இருக்கு. அடுத்த கூட்டத்துல எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மிரட்டல் வந்தா எங்களுக்கு யார், எப்படி சொல்வீங்க?"

பதிலை கமெண்ட்ல போடுங்க. பள்ளி பேரு வேண்டாம், மாவட்டம் போதும். தொகுத்துத் துறைக்குக் கொண்டு போவோம்.

#பள்ளிப்பாதுகாப்பு #பெற்றோருக்குப்பதில்சொல்