மேயரை மக்களிடமே விடுங்கள்

தேனாம்பேட்டையில் அண்ணா அறிவாலயமும் காமராஜர் அரங்கமும். தி.நகர் பக்கம் திரும்பினால் கமலாலயம், பாலன் இல்லம். ராயப்பேட்டையில் அதிமுக தலைமைக் கழகம், சத்தியமூர்த்தி பவன். கட்சிகள் இப்படிக் குடிகொண்டிருக்கும் சென்னையில், 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த மாநகராட்சித் தேர்தலில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. வாக்குப்பதிவு 44 சதவீதத்தைத் தொடவில்லை.

நகரவாசிக்கு அக்கறை இல்லை என்று பழிபோடுவது சுலபம். பத்து மாதங்களுக்கு முன் சட்டமன்றத் தேர்தலில் இதே சென்னை ஏறக்குறைய 59 சதவீதம் வாக்களித்ததே! 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்குப்பதிவு 75 சதவீதத்தைத் தாண்டியது. அங்கே ஊராட்சித் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

சென்னைவாசிக்கு அந்த வாய்ப்பு வருவதும் போவதும் ஆள்வோர் சௌகரியத்தைப் பொறுத்தது. 1996-லும் 2001-லும் மேயருக்கு மக்களே வாக்களித்தார்கள். 2006-ல் திமுக அரசு அதைக் கவுன்சிலர்களிடம் கொடுத்தது. 2011-ல் அதிமுக அரசு மக்களிடம் திருப்பித் தந்தது. 2016-ல் அதே அரசு பறித்தது, 2018-ல் மறுபடி தந்தது, 2019-ல் அவசரச் சட்டம் போட்டு மறுபடி பறித்தது. திமுக ஆட்சிக்கு வந்த பிறகும் 2022 தேர்தல் அப்படியேதான் நடந்தது. மியூசிக்கல் சேர் கூட இதைவிட ஒழுங்காக நடக்கும்.

போதாக்குறைக்கு, 2016 அக்டோபர் முதல் ஐந்தாண்டுக்கு மேல் மாமன்றமே இல்லை. தனி அதிகாரி ஆட்சி. தெருவிளக்கு எரியாவிட்டால், மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டால் 1913-க்குப் போன் போட்டுப் பழகிய குடும்பத்திடம் திடீரென்று கரைவேட்டிகள் வந்து பூத் சிலிப்பை நீட்டினால் என்ன உற்சாகம் வரும்?

கட்சிச் சின்னமே வேண்டாம், ஊராட்சித் தேர்தல் போல நடத்தலாம் என்போர் உண்டு. அதில் அர்த்தமில்லை. சின்னம் இல்லாத ஊரிலும் யார் எந்தக் கட்சி என்பது டீக்கடைக்கே தெரியும். 1959-ல் சென்னை மாநகராட்சியைப் பிடித்துத்தான் திமுக கோட்டைக்கு வழி போட்டது. கட்சிகள் இருக்கட்டும், மேயர் யார் என்பதை மூடிய அறையில் முடிவு செய்வதுதான் கூடாது.

மேயர் ஒரு கட்சி, மாமன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் வேலை நடக்காது என்பார்கள். வாதாடி முடிவெடுக்கத்தானே மாமன்றம்?

இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தலுக்கு முன் நேரடித் தேர்தலைச் சட்டமாக்க வேண்டும். தேர்தலுக்கு ஓராண்டு இருக்கையில் விதியை மாற்றக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவைக்க வேண்டும்.